கைராசியா, கார்பனேட்டா? நம்ம ஊர்த் தண்ணியில் பன்னீர் ரோஜா



பெரம்பலூர், அரியலூர் பக்கம் ரோஜா வளர்க்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே கதைதான். நர்சரியில் வாங்கும்போது செடி பளபளன்னு இருக்கும். முதல் மாதம் ரெண்டு பூ. இரண்டாவது மாதம் புதுசா வர்ற இலை வெளுத்துப் போகும். மூன்றாவது மாதம் இலை ஓரம் கருகும், கிளை நுனியிலிருந்து காயும். அதுக்கப்புறம் தொட்டி மட்டும் மிஞ்சும். "எனக்கு ரோஜாவுக்குக் கைராசி இல்லை"ன்னு அம்மாவோ அத்தையோ சொல்லிட்டு, அதே தொட்டியில் கற்றாழை வைச்சிடுவாங்க.

கைராசி மேல பழி போடுறதுக்கு முன்னாடி, அந்தத் தொட்டிக்கு ஊத்துற தண்ணியைக் கொஞ்சம் விசாரிக்கணும். அதுக்கு வேண்டிய மூணு பரிசோதனையையும் நாம எல்லாரும் முதல் வருஷக் கெமிஸ்ட்ரி லேபில் செஞ்சு, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் வாங்கியாச்சு. எக்ஸ்டர்னல் முடிஞ்சதும் மறந்துட்டோம், அவ்வளவுதான். அந்த மூணு பரிசோதனையை வைச்சு, வாசனை உள்ள ஒரு குட்டி ரோஜாச் செடியை நம்ம ஊர்த் தொட்டியில் எப்படிக் காப்பாத்துறதுன்னு பார்ப்போம். கடலோர ஊர்களிலிருந்து வந்து இங்கே படிக்கிறவங்களுக்கும் இதில் ஒரு பகுதி இருக்கு. அவங்க வீட்டு ரோஜாவுக்கு வர்ற நோய் வேற, மருந்தும் வேற.

இங்கேயும் ஒரு காலத்தில் கடல்

இன்னைக்குக் கடல் அரியலூரிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கு. சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னாடி, கிரெட்டேசியஸ் காலத்தில், அது இங்கேயேதான் இருந்தது. காரை கிராமத்துப் பக்கம் செம்மண்ணும் களியும் அரிச்சுப் போன பள்ளங்களில் அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடல் உயிரியின் படிமங்கள் கிடைக்குது. சாத்தனூரில் இருக்கும் கல்மரம் ஏறக்குறைய 18 மீட்டர் நீளம். கரையில் வளர்ந்த மரம் கடலுக்கு அடிச்சுட்டு வரப்பட்டு, அடியில் படிஞ்சு கல்லா மாறினது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940ல் அதைக் கண்டறிந்து பதிவு செஞ்சார். அரியலூருக்குப் பக்கத்தில் வாரணவாசியில் இதுக்குன்னே ஒரு புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கு. பார்க்காதவங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிட்டு வாங்க.

அந்தக் கடலில் வாழ்ந்த கிளிஞ்சல்களும் மற்ற உயிரிகளும் விட்டுட்டுப் போன ஓடுகள்தான் இன்னைக்குச் சுண்ணாம்புக்கல். சிமெண்ட் ஆலைகள் இங்கே வந்ததுக்குக் காரணமும் அதுதான். மழைத்தண்ணி காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கரைச்சு லேசான அமிலமாகும். அது சுண்ணாம்புக்கல்லில் இறங்கும்போது கல் கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சு கால்சியம் பைகார்பனேட் ஆகும். போர் போட்டு நாம மேலே எடுக்கிறது இந்தத் தண்ணியை. ஹீட்டர் காயிலில் படியும் வெள்ளை ஓடு, பக்கெட் விளிம்பில் தேய்ச்சாலும் போகாத வெள்ளைக் கோடு எல்லாம் அந்தப் பழைய கடல்தான்.

ஒரு விஷயம் கவனிக்கணும். மாவட்டம் முழுக்க ஒரே பாறை கிடையாது. அரியலூர்ப் பக்கமும் பெரம்பலூரின் கிழக்குப் பகுதியும் சுண்ணாம்பும் கடல் படிவும். மேற்கே பச்சைமலைப் பக்கம் போகப் போகக் கடினமான பழைய பாறை. கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வர்ற தெருவில் குழாய்த் தண்ணி ஒரு மாதிரி, அதே தெருவில் போர் தண்ணி வேற மாதிரி. அதனால "எங்க ஊர்த் தண்ணி இப்படித்தான்"னு பொதுவாச் சொல்லாம, உங்க குழாயைத்தான் சோதிக்கணும்.

தரைக்கும் தொட்டிக்கும் என்ன வித்தியாசம்?

"தரையில் வைச்ச செடி நல்லாத்தானே இருக்கு, அதே தண்ணிதானே?" நியாயமான கேள்வி. இதுக்குப் பதில் ஒரு மாஸ் பேலன்ஸ் கணக்கில் இருக்கு.

12 இஞ்ச் தொட்டி ஒன்னு கிட்டத்தட்ட 14, 15 லிட்டர் கலவை பிடிக்கும். வெயில் காலத்தில் தினமும் 1 லிட்டர் ஊத்துறோம்னு வைச்சுக்குவோம். தண்ணியின் டிடிஎஸ் லிட்டருக்கு 1000 மில்லிகிராம்னா, தினமும் 1 கிராம் உப்பு உள்ளே போகுது. செடி தண்ணியைக் குடிச்சு ஆவியா விடும், உப்பு ஆவியாகாது. அடியில் ஒரு சொட்டும் வெளியே வராத மாதிரி அளவா ஊத்தினா, மாதம் 30 கிராம், மூணு மாதத்தில் 90 கிராம். செடி கொஞ்சம் எடுத்துக்கும், கொஞ்சம் கல்லாப் படியும். மிச்சம் எல்லாம் வேரைச் சுத்தித்தான் இருக்கும்.

இப்போ பைகார்பனேட்டை மட்டும் பாருங்க. தண்ணியின் அல்கலினிட்டி 400னு ஒரு உதாரணம் எடுப்போம். அதை கால்சியம் கார்பனேட் கணக்கில்தான் சொல்வோம், ஞாபகம் இருக்கா? அப்படின்னா தினமும் 0.4 கிராம், மாதம் 12 கிராம் சுண்ணாம்புத் தூளை நாமே அந்தத் தொட்டியில் கொட்டுறதுக்குச் சமம்.

தரையில் இருக்கும் செடிக்கு வேர் ஓட இடம் இருக்கு, ஒரு நல்ல ஐப்பசி மழை வந்தா உப்பு கீழே இறங்கிடும். தொட்டிச் செடிக்கு அந்த வசதி கிடையாது. முதல் நாள் எவ்வளவு நல்ல மண் கலந்தாலும், ஆறு மாதத்தில் அந்த மண்ணின் குணத்தைத் தீர்மானிக்கிறது நாம ஊத்துற தண்ணிதான். இந்தக் கட்டுரையில் ஒரு வரி மட்டும் ஞாபகம் வைச்சுக்கணும்னா, அது இந்த வரியா இருக்கட்டும்.

மூணு டைட்ரேஷன், மூணு பதில்

*முதல் பரிசோதனை: அல்கலினிட்டி.* பினால்ஃப்தலீன் விட்டா நிறம் வராது, மெத்தில் ஆரஞ்ச் விட்டா மஞ்சளிலிருந்து ஆரஞ்சுச் சிவப்பாகும். அதாவது தண்ணியில் பைகார்பனேட் மட்டும் இருக்கு. ரோஜாவுக்கு மூணில் முக்கியமான எண் இதுதான். தொட்டிச் செடிக்கு 100 வரை நிம்மதி. 150, 200 தாண்டினா மண்ணின் பிஹெச் மெதுவா மேலே ஏற ஆரம்பிக்கும். ரோஜா விரும்புறது 6 முதல் 6.5 வரை, 7 வரை பொறுத்துக்கும்.

நிறைய பேர் பிஹெச் தாளை நனைச்சுப் பார்த்துட்டு "7.5தான் இருக்கு, பிரச்சனை இல்லை"ன்னு விட்டுடுவாங்க. பிஹெச்சும் அல்கலினிட்டியும் வேற வேற. பிஹெச் வண்டியின் வேகம் மாதிரி, அல்கலினிட்டி வண்டியின் எடை மாதிரி. வேகமா வர்ற சைக்கிளைச் சட்டுனு நிறுத்தலாம். சுண்ணாம்புக்கல் லோடு ஏத்தின லாரி மெதுவா வந்தாலும் நிறுத்துறது கஷ்டம். பிஹெச் 8.5, அல்கலினிட்டி 50 உள்ள தண்ணியைவிட, பிஹெச் 7.5, அல்கலினிட்டி 400 உள்ள தண்ணி தொட்டி மண்ணை அதிகமா மாத்தும்.

*இரண்டாவது பரிசோதனை: கடினத்தன்மை.* இடிடிஏ, எரியோக்ரோம் பிளாக் டி, ஒயின் ரெட்டிலிருந்து ஸ்டீல் ப்ளூ. கால்சியமும் மெக்னீசியமும் செடிக்கு உணவுதான், விஷம் இல்லை. இதில் பார்க்க வேண்டியது, கொதிக்க வைச்ச பிறகு எவ்வளவு குறையுது என்பது. குறையும் பகுதி தற்காலிகக் கடினத்தன்மை, அது பைகார்பனேட்டோட பங்கு. கொதிச்ச பிறகும் நிக்கும் நிரந்தரக் கடினத்தன்மை மண்ணின் பிஹெச்சை ஏத்தாது. மொத்த உப்புக் கணக்கில்தான் சேரும்.

*மூன்றாவது பரிசோதனை: குளோரைடு.* சில்வர் நைட்ரேட், பொட்டாசியம் குரோமேட், மஞ்சளிலிருந்து செங்கல் சிவப்பு. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் பாசன நீர் வழிகாட்டியில் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிகிராம் வரை கவலை இல்லை, 350 தாண்டினா உப்பைத் தாங்காத செடிகளுக்குக் கடுமையான சேதம். இது அதிகமா இருந்தா இலை ஓரம் கருகும்.

இதோட ஒரு டிடிஎஸ் மீட்டர் இருந்தா போதும். அதே வழிகாட்டி 450 வரை கட்டுப்பாடு இல்லை, 450 முதல் 2000 வரை கவனம் தேவை, அதுக்கு மேலே கடுமைன்னு பிரிக்குது. நம்ம குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 பார்த்தீங்கன்னா, வேற ஆதாரம் இல்லாதபோது டிடிஎஸ் 2000, அல்கலினிட்டி 600 வரை அனுமதிக்குது. அதாவது மனுஷன் குடிக்கலாம்னு சொன்ன தண்ணியே தொட்டி ரோஜாவை வீழ்த்தலாம். "நாங்க குடிக்கிற தண்ணியைத்தான் செடிக்கும் ஊத்துறோம்" என்பது செடிக்கு உத்தரவாதம் ஆகாது.

லேப் அசிஸ்டென்ட் அண்ணாகிட்ட கேட்டு, மதிய இடைவேளையில் ஒரு சாம்பிள் ஓட்டிப் பாருங்க. ஒரு ப்யூரெட், அரை மணி நேரம். மண்ணுக்கு இன்னும் சுலபம்: காய்ஞ்ச மண்ணில் கொஞ்சம் வினிகர் விட்டு, காதுகிட்ட வைச்சுப் பாருங்க. புஸ்னு நுரைச்சா அதில் சுண்ணாம்பு இருக்கு.

இலை ஏன் வெளுக்குது?

இரும்பு இல்லாம பச்சையம் உருவாகாது. நம்ம மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. செம்மண்ணின் நிறமே இரும்பு ஆக்சைடுதான். ஆனா பிஹெச் ஒரு படி ஏறினா, கரைஞ்ச நிலையில் இருக்கும் ஃபெரிக் இரும்பின் அளவு ஏறக்குறைய ஆயிரம் மடங்கு குறையும். 6லிருந்து 8க்குப் போனா பத்து லட்சம் மடங்கு. பாத்திரம் நிறைய சோறு இருக்கு, மூடி மட்டும் திறக்க முடியலை என்ற நிலைமை. பைகார்பனேட் வேருக்குள்ளும் இரும்பு நகர்றதைத் தடுக்கும். அதனால புதுத் தளிர் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சை வலை மாதிரி நிக்கும்.

சரி, உரக்கடையில் இரும்பு வாங்கி ஊத்தலாமே? இங்கே நம்ம பழைய நண்பர் இடிடிஏ மறுபடியும் வர்றார். "செலேட்டட் இரும்பு"ன்னு விற்கும் பாக்கெட்டில் பெரும்பாலும் இருப்பது இரும்பு இடிடிஏ. பிஹெச் 6.5 தாண்டினா இந்தப் பிணைப்பு தளரும். லேபில் இதே இடிடிஏ கால்சியத்தை எப்படிப் பிடிச்சுதோ, அதே மாதிரி நம்ம தொட்டியிலும் அளவில்லாம இருக்கும் கால்சியத்தைப் பிடிச்சுக்கிட்டு இரும்பைக் கை விட்டுடும். டிடிபிஏ வகை 7.5 வரை தாங்கும். சுண்ணாம்பு மண்ணுக்கு ஏத்தது இடிடிஹெச்ஏ வகை. விலை கூடுதல், ஆனா சிட்டிகை அளவு போதும். பாக்கெட்டில் எந்தச் செலேட்டுன்னு படிச்சுப் பார்த்து வாங்குங்க.

அவசரத்துக்கு அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்பேட், லிட்டருக்கு 2 முதல் 5 கிராம் கரைச்சு, சாயங்காலம் இலை மேல லேசாத் தெளிக்கலாம். மண்ணைத் தாண்டி நேரா இலைக்குப் போறதால வேலை செய்யும். பூ மேலயும் வெள்ளைச் சுவர் மேலயும் படாம பார்த்துக்கங்க, துருக் கறை போகாது. இது முதலுதவி மட்டும்தான். ஊத்துற தண்ணி மாறாட்டி அடுத்த தளிரும் மஞ்சளாத்தான் வரும்.

நாகப்பட்டினம், காரைக்கால், சென்னைக்காரங்களுக்கு

கடலோரத்தில் வேற எதிரி. அங்கே மணல் மண், கிணத்துத் தண்ணியில் சோடியமும் குளோரைடும், காற்றிலேயே உப்பு. இலை மஞ்சளாகிறதைவிட ஓரம் பழுப்பாக் கருகும், கடல் பக்கம் இருக்கும் இலை முதலில்.

ரெண்டு ஊருக்கும் முக்கியமான வித்தியாசம் இதுதான். சோடியம் குளோரைடு தண்ணியில் சுலபமாக் கரையும், அதனால அதிகமாத் தண்ணி விட்டு அலசினா வெளியே போயிடும். ஒரு கணக்கு: 10 லிட்டர் ஊத்தி 1 லிட்டர் வெளியே வந்தா, நிலைப்பட்ட பிறகு அந்த 1 லிட்டரில் 10 லிட்டரின் உப்பும் இருக்கணும், அதாவது பத்து மடங்கு அடர்த்தி. 3 லிட்டர் வெளியே வந்தா மூணு மடங்கு சொச்சம்தான். வேர் வாழ்றது இந்த அடர்த்தியில். அதனால கடலோரத்தில் ஊத்துறதில் நாலில் ஒரு பங்காவது அடியில் வடியணும். மாதம் ஒரு தடவை தொட்டியின் கொள்ளளவைப் போல ரெண்டு மடங்கு நல்ல தண்ணி விட்டு அலசணும். காலையில் இலையையும் நல்ல தண்ணியில் கழுவணும். பால்கனியில் கடல் காற்றுக்கு எதிரா ஒரு வலையோ, அரளி மாதிரி உப்பைத் தாங்கும் செடியோ மறைப்பா வைச்சா பெரிய உதவி.

நம்ம ஊரில் இதே வேலை பாதிப் பலன்தான் தரும். உப்பு குறையும், ஆனா அலசுற தண்ணியிலேயே பைகார்பனேட் இருந்தா பிஹெச் இறங்காது. இங்கே தண்ணியை மாத்தணும், இல்லைன்னா மண்ணில் கொஞ்சம் அமிலம் சேர்க்கணும்.

எந்தச் செடி?

வாசனை வேணும், தொட்டியில் அடங்கணும், கத்திரி வெயிலைத் தாங்கணும். மூணுக்கும் நம்ம ஊரில் ஒரே பதில் பன்னீர் ரோஜா. பூக்கடையில் உதிரிப்பூவா விற்கும் இளஞ்சிவப்பு ரோஜா. தமிழ்நாட்டில் இந்தப் பெயரில் பெரும்பாலும் இருப்பது எட்வர்டு ரோஜா. சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் கலந்து, இந்தியப் பெருங்கடலில் அன்று போர்பன் என்று அழைக்கப்பட்ட ரியூனியன் தீவில் கிடைச்சதுன்னு சொல்லப்படும் வகை. சீன ரோஜாவிடமிருந்து வருஷம் முழுக்கப் பூக்கும் குணம், டமாஸ்க்கிடமிருந்து வாசனை.

பொக்கேயில் வர்ற நீளத் தண்டு ரோஜா ஏன் மணக்கிறதில்லை? அதை வளர்த்தெடுத்தவங்க பார்த்தது நிறம், தண்டு, ஜாடியில் எத்தனை நாள் நிக்கும் என்பது. 2015ல் சயின்ஸ் இதழில் வந்த ஒரு பிரெஞ்சுக் குழுவின் ஆய்வு, ரோஜா வாசனைக்கு முக்கியமான ஜெரானியால் உருவாக நுட்எக்ஸ்1 என்ற என்சைம் காரணம்னும், மணமில்லாத வகையில் அது மிகக் குறைவா வேலை செய்யுதுன்னும் காட்டியது. பன்னீர் வாசனையின் இன்னொரு பெரிய பங்கு ஃபெனைல் எத்தனால். இது தண்ணியில் நல்லாக் கரையும். அதனாலதான் ரோஜாவைக் காய்ச்சி வடிக்கும்போது இது எண்ணெயோட போகாம தண்ணியோடவே தங்குது. கல்யாண வாசலில் தெளிக்கும் பன்னீர் மணக்கிறதுக்கும் இதுதான் காரணம்.

சின்னச் செடி வேணும்னு பட்டன் ரோஜா வாங்கலாம். பார்க்க அழகு, ஆனா பெரும்பாலும் வாசனை கிடையாது. பன்னீர் ரோஜா விட்டா நாலைந்து அடி போகும். வெட்டி வெட்டி ரெண்டடியில் நிறுத்தலாம்.

இன்னொரு நன்மை, இதைக் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். பக்கத்து வீட்டுச் செடியில் பென்சில் தடிமன் உள்ள, பூத்து முடிஞ்ச கிளையில் அரை அடித் துண்டு வெட்டி, ரெண்டு கணு மண்ணுக்குள் போற மாதிரி நட்டு, நிழலில் வையுங்க. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் நல்ல நேரம். இந்தியாவில் இதை வேர்ச்செடியாவே பயன்படுத்துறாங்க, அந்த அளவுக்கு வேர் பிடிக்கும். நர்சரி ஒட்டுச்செடியில் மேலே ஒரு ரோஜா, கீழே வேர் இன்னொரு ரோஜா. அந்த வேர் மல்டிஃப்ளோரா வகையா இருந்தா சுண்ணாம்பு மண் அதுக்கு ஆகவே ஆகாது. பதியம் அல்லது குச்சி வைச்ச பன்னீர் ரோஜாவில் அந்தச் சந்தேகமே வராது. ஒட்டுச்செடிதான் வாங்கியிருந்தா, ஒட்டுக்குக் கீழே முளைக்கும் கிளையைக் கிள்ளி எடுத்துடுங்க.

தொட்டியும் கலவையும்

ஒரு செடிக்குக் குறைஞ்சது 12 இஞ்ச் தொட்டி. மண் தொட்டி வேர்ச் சூட்டைக் குறைக்கும், ஆனா சீக்கிரம் காயும். கறுப்புப் பிளாஸ்டிக் மதிய வெயிலில் கொதிக்கும். பிளாஸ்டிக்தான் இருக்குன்னா, வெளியே ஒரு பழைய சாக்கைச் சுத்தி விடுங்க.

கலவை: செம்மண் 1 பங்கு, நல்லா மக்கின தொழு உரம் 1 பங்கு, கழுவின தேங்காய் நார்க் கழிவு 1 பங்கு, பருமணல் அரைப் பங்கு. கரிசல் மண் வேண்டாம். நனைஞ்சா வீங்கும், காய்ஞ்சா வெடிக்கும், தொட்டிக்குள் வேருக்குக் காற்றே போகாது. நார்க் கழிவில் இயல்பாவே உப்பு இருக்கும். ரெண்டு மூணு தடவை ஊற வைச்சுப் பிழிஞ்சு, கடைசித் தண்ணியில் டிடிஎஸ் மீட்டர் வைச்சுப் பார்த்துட்டுப் போடுங்க.

அடியில் ஜல்லி போட்டா தண்ணி நல்லா வடியும்னு எல்லாரும் சொல்வாங்க. நடக்கிறது அது இல்லை. நுண்ணிய துளை உள்ள மண் தந்துகி விசையால் தண்ணியைப் பிடிச்சு வைக்கும், பெரிய துளை உள்ள ஜல்லிக்குள் சுலபமா விடாது. ஜல்லி போட்டா அந்த ஈர அடுக்கு வேருக்கு இன்னும் கிட்டே வரும். துளையை மறைக்க ஒரு ஓட்டுச் சில்லு போதும். அதிலும் பழைய பூச்சு ஒட்டின செங்கல், சுண்ணாம்புக்கல் சில்லு வேண்டவே வேண்டாம்.

நல்ல தண்ணி எங்கே கிடைக்கும்?

*மழை.* 100 சதுர அடி மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தா 93 லிட்டர். தினம் 1 லிட்டர் குடிக்கும் ஒரு தொட்டிக்கு மூணு மாதத் தண்ணி. முதல் மழையை விட்டுட்டு அடுத்ததை மூடியுள்ள டிரம்மில் பிடிங்க. மூடாம வைச்சா ரோஜாவுக்கு முன்னாடி டெங்குக் கொசு வளரும்.

*ஏசி தண்ணி.* குழாயில் சொட்டுறது காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது, கிட்டத்தட்ட வடிநீர். உப்பும் இல்லை, பைகார்பனேட்டும் இல்லை. கம்ப்யூட்டர் லேப் பின்பக்கம் வீணாப் போற தண்ணியை ஒரு கேனில் பிடிச்சா நாலு தொட்டி வாழும்.

*கலப்பு.* முழுக்க மழைத்தண்ணி இல்லைன்னா பாதிக்குப் பாதி. அல்கலினிட்டி 400 உள்ள போர் தண்ணியோட அதே அளவு மழைத்தண்ணி சேர்த்தா 200 ஆகிடும்.

*போர் தண்ணி மட்டும்தான் இருக்கா?* மாதம் 5 கிராம் அம்மோனியம் சல்பேட்டைத் தண்ணியில் கரைச்சு ஈர மண்ணில் ஊத்துங்க. நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டா மாத்தும்போது அமிலம் வெளியாகும். 5 கிராம் அம்மோனியம் சல்பேட் சுமார் 5 கிராம் சுண்ணாம்பைச் சரிக்கட்டும். மேலே சொன்ன மாதம் 12 கிராம் கணக்கில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, தழைச்சத்தும் கூடவே கிடைக்குது. மிச்சத்துக்கு உரக்கடையில் கிடைக்கும் கந்தகத் தூள் 2 கிராம் மேல் மண்ணில் கலந்து விடலாம். 1 கிராம் கந்தகம் சுமார் 3 கிராம் சுண்ணாம்பைத் தின்னும், ஆனா பாக்டீரியா வேலை என்பதால சில வாரம் ஆகும். சல்ஃப்யூரிக் அமிலத்தை லேபிலிருந்து எடுத்துட்டு வந்து கலக்கும் ஐடியா யாருக்காவது வந்தா, தயவு செஞ்சு விட்டுடுங்க.

எலுமிச்சைச் சாறு, வினிகர் ஊத்தலாமான்னு கேட்பீங்க. அன்னைக்கு பிஹெச் இறங்கும். ஆனா மண் நுண்ணுயிர்கள் சிட்ரேட்டையும் அசிட்டேட்டையும் சாப்பிட்டு முடிச்சதும் பைகார்பனேட் திரும்பி வந்துடும்.

செய்யக் கூடாதது

யூடியூப் டிப்ஸ் எல்லா ஊருக்கும் பொருந்தாது. *முட்டை ஓட்டுத் தூள்* சுத்தமான கால்சியம் கார்பனேட். அமில மண் உள்ள மலைப் பக்கம் உதவலாம், அரியலூரில் அது கடலுக்கு உப்பு கொண்டு போற வேலை. *அடுப்புச் சாம்பல்* காரத்தன்மை உள்ளது, அதுவும் வேண்டாம். *ஆர்ஓ கழிவுத் தண்ணி*யைச் செடிக்கு ஊத்துறது நல்ல மனசுதான், ஆனா ஆர்ஓ பிரிச்செடுத்த உப்பு முழுக்க அதில்தான் இருக்கு. அதை வாசல் கழுவவும் பாத்ரூமுக்கும் வைச்சுக்கங்க.

இலையைப் படிங்க

புது இலை மஞ்சள், நரம்பு பச்சை: இரும்பு, அதாவது பிஹெச் பிரச்சனை.

அடி இலை முழுசா மஞ்சள்: தழைச்சத்துக் குறைவு, இல்லைன்னா வேரில் தண்ணி தேங்குது.

இலை ஓரம் கருகல், தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு: உப்பு. அலசுங்க.

இலை முழுக்க ஊசிப் புள்ளி, அடியில் மெல்லிய வலை: சிவப்புச் சிலந்தி. இலையின் அடிப்பக்கம் படும்படி தினமும் தண்ணி பீய்ச்சினாலே பெரும்பாலும் அடங்கும்.

ஓரம் கலைஞ்ச கறுப்பு வட்டம், சுத்தி மஞ்சள்: கரும்புள்ளிப் பூஞ்சை. சாயங்காலம் இலையை நனைக்காதீங்க, விழுந்த இலையைப் பொறுக்கி எடுங்க.

இலை மேல சாம்பல் நிறப் பொடி, சுண்ணாம்பு லாரி ஓடும் ரோட்டோர வீடு: தூசு. காலையில் கழுவி விடுங்க.

ஒரு வருஷம் எப்படிப் போகும்?

ஐப்பசியில் மழை பிடிச்சதும் செடியைப் பாதி உயரத்துக்கு வெட்டுங்க. காய்ஞ்சது, பென்சிலைவிட மெலிசா இருப்பது எல்லாத்தையும் எடுத்துடுங்க. ஒரு கை தொழு உரம். கிட்டத்தட்ட ஒன்றரை மாதத்தில் பூ வரும், மார்கழி, தை நல்ல சீசன். பூ வாடினதும் அஞ்சு இலை உள்ள கணுவுக்கு மேலே வெட்டினா அடுத்த கிளை வரும். சித்திரை, வைகாசியில் காலை வெயில் நாலைந்து மணி நேரம் போதும். மதியத்துக்கு மேல நிழலுக்கு நகர்த்துங்க. தொட்டிகளை நெருக்கமா வையுங்க. அந்த ரெண்டு மாதம் பூ சின்னதா வந்தா கவலைப்பட வேண்டாம், உரமும் போட வேண்டாம். ஆவணி, புரட்டாசியில் வர்ற மழையைப் பிடிக்க இப்பவே ஒரு டிரம் தேடி வையுங்க.

இந்த வாரம் வீட்டுக்குப் போறவங்க ஒரு தண்ணி பாட்டிலில் உங்க போர் தண்ணியைப் பிடிச்சுட்டு வாங்க. அல்கலினிட்டி ஒரு டைட்ரேஷன், குளோரைடு ஒரு டைட்ரேஷன். ரெண்டு எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அம்மாகிட்ட கொடுத்து, மழைத்தண்ணி எவ்வளவு கலக்கணும்னு சொல்லிட்டு வாங்க. அந்தக் கற்றாழைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பன்னீர் ரோஜாக் குச்சியும் நட்டுடுங்க.